உடைந்த ஆங்கிலமா, புதிய மொழியா?

தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. 'நாம் போவோம்' என்றால் கேட்பவரும் உடன் வருகிறார் என்று பொருள். 'நாங்கள் போகிறோம்' என்றால் கேட்பவருக்கு அழைப்பில்லை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. 'வீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் காலம் தள்ளுகிறார்கள். யாரைச் சேர்த்துச் சொல்கிறார், யாரை விலக்கிச் சொல்கிறார் என்பதைக் கேட்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஆங்கிலச் சொற்களையே பெரும்பாலும் கொண்டு உருவான ஒரு மொழியில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. அம்மொழியில் 'யூமி' என்றால் நாம். 'மிபெலா' என்றால் நாங்கள். 'யூ' என்பதும் 'மி' என்பதும் ஆங்கிலச் சொற்களே. 'நீ' என்பதையும் 'நான்' என்பதையும் ஒட்டவைத்தால் 'நாம்' கிடைக்கிறது. ஆங்கிலேயர் தம் மொழியில் செய்யாத ஒன்றை, அவர்களுடைய சொற்களைக் கொண்டே வேறு யாரோ செய்திருக்கிறார்கள்.

இம்மொழியின் பெயர் டோக் பிசின். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பாப்புவா நியூகினி நாட்டில் இது பேசப்படுகிறது. நெடுங்காலம் இதை 'உடைந்த ஆங்கிலம்' என்றே வெளியார் எள்ளி வந்தனர். உண்மையில் இது உடைந்ததா, அன்றி உருவானதா? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த அறிஞர்கள், மனித மொழி எப்படிப் பிறக்கிறது என்ற பெரிய கேள்வியின் வாசலுக்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் கதையைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

பிட்ஜின் என்பது என்ன?

ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரு கூட்டத்தார் சந்திக்கிறார்கள். வணிகம் செய்தாக வேண்டும். அல்லது ஒரே தோட்டத்தில் வேலை செய்தாக வேண்டும். ஒருவர் மொழியை மற்றவர் முறையாகக் கற்க நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. அப்போது என்ன நடக்கும்? சில நூறு சொற்களை எடுத்துக்கொள்வார்கள். வேற்றுமை உருபு, கால இடைநிலை, பால் விகுதி முதலியவற்றை உதறிவிடுவார்கள். சொற்களை அருகருகே வைத்து, கையையும் முகத்தையும் துணைக்குச் சேர்த்து, வேலையை முடித்துக்கொள்வார்கள். இப்படித் தோன்றும் அரைகுறைத் தொடர்புமொழிக்குப் பிட்ஜின் என்று பெயர்.

18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் ஆங்கில வணிகர்களும் சீன வணிகர்களும் இத்தகைய மொழி ஒன்றில் பேரம் பேசினர். 'பிசினஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சீனர் உச்சரித்த விதமே 'பிட்ஜின்' ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

பிட்ஜினுக்கு ஓர் அடையாளம் உண்டு. அது எவருக்கும் தாய்மொழி அன்று. சந்தையிலும் தோட்டத்திலும் அதைப் பேசுபவர், வீட்டுக்குப் போனதும் அதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத் தம் சொந்த மொழிக்குத் திரும்பிவிடுவார்.

கரும்புத் தோட்டத்தில் விளைந்த மொழி

டோக் பிசினின் தொடக்கம் இத்தகையதே. 1863 முதல் 1904 வரை, பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சுமார் 62,000 பேர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். விரும்பி வந்தவர் உண்டு. ஏமாற்றியும் வலுவில் பிடித்தும் கொண்டுவரப்பட்டவரும் உண்டு. இதே காலத்தில் ஜெர்மானியர் நடத்திய சமோவாத் தோட்டங்களுக்கும் தீவு மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஒரே வரிசையில் நின்று கரும்பு வெட்டிய பத்துப் பேருக்குப் பத்து மொழிகள். துரை பேசியதோ ஆங்கிலம். துரையின் சொற்களை எடுத்துக்கொண்டு, துரையோடு மட்டுமன்றித் தமக்குள்ளும் அவர்கள் பேசத் தொடங்கினர். ஒப்பந்தக் காலம் முடிந்து ஊர் திரும்பியபோது, பெட்டி படுக்கையோடு அம்மொழியும் அவர்களுடன் சென்றது.

அவர்கள் திரும்பிச் சென்ற தீவுப் பகுதியில் அதற்குப் பெரும் தேவை இருந்தது. பாப்புவா நியூகினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. ஒரு மலையைத் தாண்டினால் வேறு மொழி. ஓர் ஆற்றைக் கடந்தால் மற்றொரு மொழி. இந்நிலையில் எவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி எல்லோருக்கும் பொதுவாவது எளிது. ஜெர்மானியர் 1884 முதல் 1914 வரை நியூகினியின் வடபகுதியை ஆண்டபோதும் இது வளர்ந்தது. 'வெளியே போ' என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த 'ரவுசிம்' என்ற வினை இன்றும் வழங்குகிறது. குழந்தையைக் குறிக்கும் 'பிக்கினினி' போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. புறாவைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லான 'பாலுஸ்' இன்று விமானத்தையும் குறிக்கிறது.

சொல் அங்கிருந்து, கட்டு இங்கிருந்து

டோக் பிசினின் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆனால் அச்சொற்களைக் கட்டும் கயிறு வேறு.

'கம்பு ஒடிந்தது' என்கிறோம். 'கம்பை ஒடித்தேன்' என்றும் கூறுகிறோம். தானே நிகழ்ந்ததற்கு ஒரு வடிவம், ஒருவர் நிகழ்த்தியதற்கு ஒரு வடிவம். தன்வினை, பிறவினை என்று நம் இலக்கண ஆசிரியர்கள் வகுப்பில் விளக்குவது இதைத்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பிரேக்' என்ற ஒரே வினை போதும். டோக் பிசினில் போதாது. கம்பு தானே ஒடிந்தால் 'திவாய் இ புருக்'. நான் அதை ஒடித்தால் 'மி புருக்கிம் திவாய்'. பின்னதில் உள்ள 'இம்' என்ற விகுதியைக் கவனியுங்கள். அது 'அவனை' என்று பொருள்படும் 'ஹிம்' என்ற ஆங்கிலச் சொல்தான். தனிச் சொல்லாக வந்தது, தேய்ந்து விகுதியாகி, ஒரு செயல் மற்றொரு பொருளின்மேல் நிகழ்கிறது என்று காட்டும் கருவியாகிவிட்டது.

முதலில் பார்த்த 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டோடு இம்மொழி நிற்கவில்லை. 'நாங்கள் இருவர்' என்பதற்கு 'மிதுபெலா'. 'நாம் இருவர்' என்பதற்கு 'யூமிதுபெலா'. இவை எங்கிருந்து வந்தன? தோட்டத்துக்கு வந்த தீவு மக்களின் தாய்மொழிகளில் இந்த வேறுபாடுகள் எல்லாம் முன்பே இருந்தன. அவர்கள் ஆங்கிலச் சொற்களைக் கடன் வாங்கினார்கள். ஆனால் எதை எதை வேறுபடுத்திச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தைத் தம் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். வெளியூர்ச் செங்கலை வாங்கி, உள்ளூர்க் கொத்தனார் வீடு கட்டியதைப் போல.

கண்டபடி பேசினால் அதுவே டோக் பிசின் என்று எண்ணிவிடக் கூடாது. அதிலும் பிழையாகப் பேசலாம். 'மி புருக் திவாய்' என்று ஓர் ஆங்கிலேயர் கூறினால், கேட்பவர் சிரிப்பார். பிழை செய்ய இடமுண்டு என்றால் விதி உண்டு என்று பொருள். விதி உண்டு என்றால் அதை உடைந்த பொருள் என்று கூறுவது எப்படிப் பொருந்தும்?

தொட்டிலுக்கு வந்த மொழி

வெவ்வேறு மொழி பேசும் ஆணும் பெண்ணும் நகரத்தில் சந்தித்து மணம் செய்துகொள்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக இருப்பது பிட்ஜின் ஒன்றே. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையின் காதில் முதலில் விழுவதும் அதுவே. இப்படி ஒரு தலைமுறைக்குத் தாய்மொழியாகிவிட்ட கலப்புமொழியைக் கிரியோல் என்பர். 'வளர்த்தல்' என்று பொருள்படும் போர்ச்சுகீசிய வேரிலிருந்து வந்த சொல் இது.

சந்தைக்குப் போதுமான மொழி தொட்டிலுக்குப் போதாது. விலை கேட்க நூறு சொற்கள் போதும். கதை சொல்ல, கனவை விவரிக்க, 'நீ நேற்று வந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன்' என்று சண்டையிட அவை போதா. ஆகவே மொழி வளர்ந்தாக வேண்டும்.

கில்லியன் சாங்கோஃப், சூசான் லபர்ஜ் என்ற இரு மொழியியலாளர்கள் லே என்ற நகரத்தில் இவ்வளர்ச்சியை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆங்கிலத்தில் 'பிறகு, போகப்போக' என்ற பொருளில் வழங்கிய ஒரு தொடர், பழைய பிட்ஜினில் 'பாயிம்பாய்' என்று வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றது. காலப்போக்கில் அது 'பாய்' என்று குறுகி, எதிர்காலம் காட்டும் உறுப்பாயிற்று. 'பாய் மி கோ' என்றால் 'நான் போவேன்'. அதனைப் பெரியவர்கள் அழுத்தம் கொடுத்து உச்சரித்தனர். டோக் பிசினையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளோ விரைந்து பேசினர். அவர்கள் வாயில் அது அழுத்தம் இழந்து, வெறும் 'ப' என்ற ஒலியாகவே பல இடங்களில் தேய்ந்தது.

இத்தகைய தேய்வு நமக்குப் புதியதன்று. 'விடு' என்பது தனி வினை. 'போய்விட்டான்' என்பதில் அது துணைவினையாயிற்று. பேச்சில் 'போய்ட்டான்' என்று இன்னும் தேய்ந்து, வினையோடு ஒட்டிக்கொண்டது. பொருளுள்ள ஒரு சொல் தேய்ந்து இலக்கணமாவது எல்லா மொழிகளிலும் நடப்பதுதான். தமிழில் பல நூற்றாண்டுகளில் நடந்ததைப் போன்ற ஒன்று, டோக் பிசினில் ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள் நடந்திருக்கிறது. ஆராய்ச்சியாளருக்கு இது பெரும் பேறு.

இறகும் நாணயமும்

ஹவாய்த் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்கள்தாம் கதைக்குக் களம். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் சீனர், போர்ச்சுகீசியர், ஜப்பானியர் ஆகியோரும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியரும் பிலிப்பைன்ஸ் மக்களும் அங்கே வேலைக்கு வந்தனர். 1970களில் டெரெக் பிக்கர்ட்டன் என்ற அறிஞர் அங்கிருந்த முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்தார். வந்து குடியேறிய ஜப்பானிய முதியவர்கள், தம் தாய்மொழியைப் போலவே வினையை வாக்கியத்தின் இறுதியில் வைத்துப் பிட்ஜின் பேசினர். பிலிப்பைன்ஸ் முதியவர்கள் வினையை முதலில் வைத்தனர். ஆளுக்கு ஒரு விதம். பொதுவான கட்டு இல்லை. ஆனால் அத்தீவுகளிலேயே பிறந்தவர்கள் அனைவரும், பெற்றோர் எந்த நாட்டினராயினும், ஒரே விதமாகப் பேசினர். இறந்தகாலம், தொடர்நிகழ்ச்சி முதலியவற்றைக் காட்ட அவர்களிடம் ஒழுங்கான உறுப்புகள் இருந்தன.

மேலும் ஒரு வியப்பு. இறந்தகாலக் குறி முதலில், தொடர்நிகழ்ச்சிக் குறி அடுத்து, அதன்பின் வினை என்ற இதே வரிசை, பிரெஞ்சுச் சொற்களைக் கொண்ட ஹைத்தி நாட்டுக் கிரியோலிலும், தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டு ஸ்ரானன் மொழியிலும் காணப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விடங்களில் ஒரே வரிசை ஏன்? குழந்தையின் மூளையில் பிறவியிலேயே ஓர் இலக்கண அமைப்பு இருக்கிறது. முறையான மொழி காதில் விழாதபோது அது தன்னைத்தானே வெளிப்படுத்திக்கொள்கிறது என்று பிக்கர்ட்டன் 1981இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? பள்ளியில் 'இறகும் நாணயமும்' சோதனையைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கண்ணாடிக் குழாயில் இரண்டையும் விழவிட்டால் நாணயம் முந்தும். காற்றை வெளியேற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாக விழும். இறகின் உண்மையான இயக்கத்தைக் காண வேண்டுமானால் காற்றை நீக்க வேண்டும். அதுபோல், குழந்தை தானாகக் கொண்டுவரும் இலக்கணத்தைக் காண வேண்டுமானால் பெற்றோர் மொழியை நீக்கிப் பார்க்க வேண்டும். குழாயிலிருந்து காற்றை நீக்கலாம். குழந்தையிடமிருந்து மொழியை நீக்கலாமா? வெவ்வேறு மொழி பேசும் சில குடும்பங்களை ஆளற்ற தீவு ஒன்றில் குடியேற்றிப் பார்க்கலாம் என்று பிக்கர்ட்டன் திட்டம் ஒன்றையே முன்வைத்தார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிதி நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. இணங்காததே நன்று.

நிகராகுவாவில் நடந்தது

மனிதர் செய்யக் கூடாத சோதனையைச் சில வேளைகளில் வரலாறே செய்துவிடுகிறது. மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் 1970களுக்கு முன் காது கேளாத குழந்தைகள் தத்தம் வீடுகளில் தனித்தனியே இருந்தனர். வீட்டாரோடு சில சைகைகளே அவர்களுக்குத் தெரியும். 1977இல் மனாகுவா நகரில் சிறப்புப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1980இல் தொழிற்பள்ளி ஒன்றும் வந்தது. சில ஆண்டுகளில் அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகள் கூடினர்.

ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழியை அறியக் கற்பிக்க முயன்றனர். அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் விளையாடும் இடத்திலும் பேருந்திலும் குழந்தைகள் தத்தம் வீட்டுச் சைகைகளைப் பரிமாறிக்கொண்டனர். முதலில் வந்தவர்களிடையே ஒரு பிட்ஜின் போன்ற சைகைமுறை உருவாயிற்று. பின்னால் வந்த சிறு குழந்தைகள் அதைக் கற்று, அதைவிட ஒழுங்கான ஒன்றாக மாற்றினர். கல்வித் துறையின் அழைப்பின்பேரில் 1986இல் அங்கு சென்ற ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரு புதிய மொழியே பிறந்துகொண்டிருப்பதை உணர்ந்தார்.

ஆன் செங்காஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து காட்டினர். பூனை ஒன்று சரிவான தெருவில் உருண்டோடும் கேலிச்சித்திரப் படத்தைக் காட்டி, கண்டதைச் சொல்லச் செய்தனர். முன்னால் சேர்ந்தவர்கள், இடையில் சேர்ந்தவர்கள், பின்னால் சேர்ந்தவர்கள் என மூன்று குழுவினர். குழுவுக்குப் பத்துப் பேர். உருளும் பொருளுக்கு இரண்டு இயக்கங்கள் உண்டு: சுழல்வது ஒன்று, இடம்பெயர்வது மற்றொன்று. முதல் குழுவினரில் பலர், கையைச் சுழற்றியவாறே கீழே இறக்கி, கண்ணால் கண்டதை அப்படியே ஒரே அசைவில் காட்டினர். காது கேட்போர் பேசும்போது செய்யும் கையசைவும் இதே போன்றதுதான். ஆனால் பின்னால் வந்த குழுவினர் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்தனர். முதலில் 'உருளுதல்' என்று ஒரு சைகை. அடுத்து 'இறங்குதல்' என்று ஒரு சைகை.

இது பின்னடைவு போலத் தோன்றலாம்; முன்னது படம் போல உயிரோடு இருந்ததே! ஆனால் நாமும் 'உருண்டு இறங்கியது' என்று இரண்டு சொற்களாகத்தானே கூறுகிறோம்? இயற்பியல் மாணவன் உருளும் கோளத்தின் ஆற்றலைக் கணக்கிடும்போதும் சுழற்சியையும் இடப்பெயர்ச்சியையும் தனித்தனியே பிரித்துக் கூட்டுகிறான். பிரித்தால்தான் வேறு இடத்தில் சேர்க்க முடியும். 'உருளுதல்' என்ற துண்டு கையில் தனியாக இருந்தால் 'உருண்டு ஏறியது' என்றும் கூறலாம். 'இறங்குதல்' தனியாக இருந்தால் 'வழுக்கி இறங்கியது' என்றும் கூறலாம். படத்தை உடைத்து உறுப்புகளாக்கி, உறுப்புகளிலிருந்து எண்ணற்ற வாக்கியங்களைக் கட்டுவதே மொழி. எவரும் கற்பிக்காமல் அதைச் செய்தவர்கள் குழந்தைகள். இம்முடிவுகள் 2004இல் வெளியாயின.

ஆயினும் பிக்கர்ட்டனின் கொள்கை முழுவதையும் எல்லோரும் ஏற்றுவிடவில்லை. சாரா ராபர்ட்ஸ் என்பவர் ஹவாயின் பழைய செய்தித்தாள்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் துருவிப் பார்த்தார். அங்கு பிறந்த முதல் தலைமுறையினரில் பலர் பெற்றோர் மொழியையும் அறிந்திருந்தனர் என்றும், புதிய இலக்கணத்தில் அம்மொழிகளின் சாயல் உண்டு என்றும் அவர் காட்டினார். டோக் பிசினும், அதைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் பெருகுமுன்பே பெரியவர்கள் வாயில் பெருமளவு வளர்ந்துவிட்ட மொழியே. ஆகவே இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பொருளைக் கொண்டுவருபவர்கள் பெரியவர்கள், அதை ஒழுங்குபடுத்தி விரைவும் சீரும் கொடுப்பவர்கள் குழந்தைகள், எவர் பங்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு நடக்கிறது.

சென்னையின் பட்லர் இங்கிலீஷ்

நம் நாட்டில் இவ்வாறு ஏதும் நிகழவில்லையா? நிகழ்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்துத் துரைமார் வீடுகளில் சமையற்காரர், ஆயா முதலியோர் பேசியதைப் 'பட்லர் இங்கிலீஷ்' என்றனர். 1886இல் வெளியான யூல், பர்னல் ஆகியோரின் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 'சொல்வேன்' என்பதற்கு 'ஐ டெல்லிங்' என்றும், 'சொல்லிவிட்டேன்' என்பதற்கு 'ஐ டன் டெல்' என்றும் அவர்கள் கூறினராம். கிரியோல் ஆராய்ச்சியின் தந்தை எனப்படும் ஹ்யூகோ ஷுகார்ட் என்ற ஆஸ்திரிய நாட்டு அறிஞர், 1891இல் இந்தியாவின் ஆங்கிலங்களைப் பற்றி எழுதியபோது இதையும் ஆராய்ந்தார்.

பட்லர் இங்கிலீஷ் ஏன் டோக் பிசினைப் போல வளரவில்லை? காரணம் எளிது. துரை வீட்டில் வேலை முடிந்ததும் சமையற்காரர் தம் வீட்டுக்குப் போனார். அங்கே தமிழோ தெலுங்கோ இருந்தது. மனைவி மக்களோடும் அண்டை அயலாரோடும் பேச முழுமையான மொழி ஒன்று இருந்தபோது, பிட்ஜின் தொட்டிலுக்கு வர வேண்டிய தேவையே ஏற்படவில்லை. துரைமார் போனதும் அதுவும் தேய்ந்தது. பிட்ஜின் கிரியோலாவது சொற்களின் இயல்பால் அன்று, பேசுபவர்களின் வாழ்க்கை நிலையால் என்பதற்கு இது நல்ல சான்று.

எதிர்ப்பக்கச் சான்று இலங்கையில் கிடைக்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் ஆண்ட காலத்தில் தோன்றிய கிரியோல் ஒன்றை, மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளில் வாழும் பறங்கியர் சமூகத்தில் சிலர் இன்றும் பேசுகின்றனர். சொற்கள் போர்ச்சுகீசியம், ஆனால் சுற்றிலும் தமிழ் வழங்கும் சூழலில் பல தலைமுறைகள் வாழ்ந்ததால், வினையை இறுதியில் வைக்கும் தமிழ் வாக்கியக் கட்டு அதில் குடியேறிவிட்டது.

ஆங்கிலம் ஒன்றா, பலவா?

கிரியோல்களை ஒருபுறம் வைத்தாலும், ஆங்கிலம் இன்று ஒரே மொழியாக இல்லை. காஷ்மீரத்தில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு, 1985இல் இதை மூன்று வட்டங்களாக விளக்கினார். பிரிட்டன், அமெரிக்கா போன்ற தாய்மொழி நாடுகள் உள்வட்டம். இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்று, குடியேற்ற ஆட்சியால் ஆங்கிலம் வேரூன்றிய நாடுகள் வெளிவட்டம். சீனா, ஜப்பான் போல அயல்மொழியாகக் கற்கும் நாடுகள் மூன்றாம் வட்டம். வெளிவட்ட நாடுகளின் ஆங்கிலத்தைப் பிழை மலிந்த ஆங்கிலம் என்று தள்ளாமல், தமக்கென வழக்குகள் உள்ள தனி வகைகளாகக் கருத வேண்டும் என்பது அவர் வாதம்.

தூய ஆங்கிலம் என்று ஒன்று எப்போதேனும் இருந்ததா? 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற மிக அடிப்படையான சொல்லே, இங்கிலாந்தில் வந்து குடியேறிய வடநாட்டு வைக்கிங்குகளிடமிருந்து வாங்கியது. நார்மானியர் 1066இல் வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. கலப்பு என்று பிறரைப் பழிக்கும் உரிமை ஆங்கிலத்துக்குக் குறைவே.

ஏளனத்தின் விலை

இவை வெறும் இலக்கண ஆராய்ச்சி அல்ல. ஒரு பேச்சை மொழி என்பதா, கொச்சை என்பதா என்ற தீர்ப்பு, குழந்தைகளின் வாழ்வைத் தொடுகிறது. ஹவாயில் 1924 முதல் ஆங்கிலத் தேர்வு வைத்துக் குழந்தைகளைப் பிரிக்கும் தனிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. நல்ல ஆங்கிலம் பேசிய குழந்தைகளுக்கு ஒரு பள்ளி. தோட்டத் தொழிலாளரின் குழந்தைகளுக்கு வேறு பள்ளி. மொழியின் பெயரால் நடந்த இப்பிரிவினை நடைமுறையில் இனப் பிரிவினையாகவே இருந்தது.

ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் இருந்த நியூகினியில் பிட்ஜினைக் கைவிட வேண்டும் என்று 1953இல் ஐக்கிய நாடுகளின் பொறுப்பாட்சி அவை வற்புறுத்தியது. ராபர்ட் ஹால் என்ற அமெரிக்க மொழியியலாளர், பிட்ஜின்மீது கைவைக்காதீர்கள் என்று தலைப்பிலேயே கூறும் நூல் ஒன்றை 1955இல் எழுதி அதற்கு மறுமொழி கொடுத்தார். வரலாறு அவர் பக்கமே நின்றது. 1970இல் 'வான்டோக்' என்ற செய்தித்தாள் டோக் பிசினில் தொடங்கப்பட்டது. 1975இல் நாடு விடுதலை பெற்றது. இன்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் டோக் பிசினில் பேசுகின்றனர். ஹைத்தியில் ஏறக்குறைய எல்லோரும் பேசும் கிரியோல், 1987 அரசியலமைப்பில்தான் பிரெஞ்சுக்கு இணையாக ஆட்சிமொழியாயிற்று. மொரீசியசில் குடியேறிய தமிழரின் வழிவந்தோரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவதும் கிரியோலே. 2012 முதல் அது தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக இருக்கிறது.

'பிட்ஜினில் கற்பித்தால் குழந்தைகளின் ஆங்கிலம் கெட்டுவிடும்' என்று ஆசிரியர்கள் அஞ்சுவது உண்டு. ஜெஃப் சீகல் என்ற ஆய்வாளர் பாப்புவா நியூகினியின் செபிக் பகுதியில் இதைச் சோதித்தார். டோக் பிசினில் எழுதப் படிக்கக் கற்றபின் ஆங்கிலப் பள்ளிக்கு வந்த குழந்தைகள் ஒருபுறம். அவ்வாறு கற்காமல் நேரே வந்தவர்கள் மறுபுறம். 1990களில் வெளியான முடிவின்படி, டோக் பிசினில் தொடங்கியவர்களே மற்றப் பாடங்களில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் கணக்கிலும் மேலாக நின்றனர். தெரிந்த மொழியில் எழுத்தைக் கற்ற குழந்தைக்கு, தெரியாத மொழியைக் கற்கும்போது பாதிச் சுமை முன்பே இறங்கிவிடுகிறது.

தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் முதல் ஆண்டில் வாய் திறக்கத் தயங்குவதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். விடை தெரிந்திருக்கும், ஆங்கிலம் பிழையாகிவிடுமோ என்ற அச்சம் நாவைக் கட்டிப்போடும். தேர்வுக்கும் வேலைக்கும் பொது வழக்கான ஆங்கிலத்தை அவர்கள் முயன்று கற்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் கற்கும் வழியில் வரும் பிழை அறிவின் குறை அன்று. எழுத்தறியாத கரும்புத் தொழிலாளர்கள் பிறர் சொற்களைக் கொண்டு ஒரு தேசத்தின் மொழிக்கு அடிகோலினார்கள். காது கேளாத குழந்தைகள் ஓசையே இல்லாமல் ஓர் இலக்கணத்தை ஆக்கினார்கள். மொழியை ஆக்கும் அந்த ஆற்றல் மனிதராகப் பிறந்த ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதை வளர்ப்பது பயிற்சி. அதை முடக்குவது ஏளனம்.